மலைக்கு முதுகு காட்டி

பிரான்ஸின் நீஸ் நகரத்தின் கடற்கரைச் சாலையில் கிடக்கும் நீல நாற்காலிகள் அநேகமாக எல்லாமே கடலைப் பார்த்திருக்கின்றன. இதில் வியக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கடற்கரையில் நாற்காலி போடுகிறவர் கடலைப் பார்த்துத்தானே போடுவார். ஆனாலும் அந்த வரிசை என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. நாற்காலிகளுக்குப் பின்னால் சாலை, சாலைக்குப் பின்னால் பழைய பெருவிடுதிகளின் வெள்ளை முகப்புகள். அவற்றின் மாடங்களும் கடலை நோக்கியே இருக்கின்றன. அதற்கும் பின்னால், நகரம் முடிகிற இடத்திலேயே மலை எழும்பிவிடுகிறது. கடலிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூடப் போக வேண்டாம், அதற்குள் 3,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் வந்துவிடும். குளிர்காலத்தில் வானம் தெளிந்த நாளில், கரையோரம் நின்று தலையைத் திருப்பினால் பனி தெரியும். திருப்புகிறவர்கள் குறைவு. நீஸ் கடற்கரையில் மணல் இல்லை, கூழாங்கல்தான். அலை பின்வாங்கும்போது கற்கள் ஒன்றோடொன்று உரசி எழுப்புகிற கரகரப்பு, ஊருக்குள் வந்து படுத்த பிறகும் காதில் இருக்கும். அந்தக் கற்கள் எல்லாம் மலை உடைந்து வந்தவை. வார் ஆறும் பையோன் ஆறும் யுகக்கணக்கில் உருட்டி உருட்டிக் கொண்டுவந்து சேர்த்தவை. வார் ஆற்றுக்குக் கரை கட்டி, பையோனை நகரத்துக்குள் மூடித் தளம் போட்ட பிறகு கல்வரத்து குறைந்துபோனது. இப்போது லாரிகளில் கூழாங்கல் கொண்டுவந்து கொட்டித்தான் கடற்கரையைக் காப்பாற்றுகிறார்கள். தண்ணீரும் அப்படியே. பெருகிவந்த நகரத்தின் தாகத்துக்காக 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெசுபிப் பள்ளத்தாக்கிலிருந்து கால்வாய் வெட்டினார்கள். ஆக, அந்தக் கரையில் உட்கார்ந்திருப்பவர் மலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறார், மலையைத்தான் குடிக்கிறார், மலைக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்க்கிறார்.

இந்தப் பார்வை அங்கே பிறந்தவர்களுடையது அல்ல என்பது உறுத்தலை இன்னும் கூட்டுகிறது. அவர்களுக்குக் கடல் என்பது மீன், உப்பு, வரி, கொள்ளைக்காரன். உட்கார்ந்து பார்ப்பதற்கான பொருளாக அது இருந்ததில்லை. 1763-இல் நீஸுக்கு வந்து தங்கிய ஸ்காட்லாந்து எழுத்தாளர் டொபையாஸ் ஸ்மோலெட், நுரையீரல் நலிந்த உடம்போடு கடலில் இறங்கிக் குளித்ததை ஊர்க்காரர்கள் விந்தையாகப் பார்த்தார்கள். அவருக்குப் பின்னால் வெயில் தேடிய ஆங்கிலேயர்கள் வரிசையாக வந்தார்கள். 1820-களின் தொடக்கத்தில் ஒரு கடுங்குளிர் பிழைப்பற்றவர்களை நீஸை நோக்கித் துரத்தியபோது, லூயிஸ் வே என்ற ஆங்கிலேயப் பாதிரியார் பணம் திரட்டி, அவர்களைக் கொண்டே கடலோரம் ஒரு நடைபாதை போட்டார். ஏழைகளுக்கு வேலை, பணக்காரர்களுக்கு உலாவ இடம். உலகம் முழுக்கப் பெயர் பெற்ற ‘ஆங்கிலேயர் உலாச்சாலை’யின் தொடக்கம் இதுதான். அந்தக் கூலிக்காரர்களில் யாராவது வேலை முடிந்த மாலையில் அதே பாதையில் காலாற நடந்திருப்பார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். 1860-இல் நீஸ் பிரான்ஸோடு சேர்ந்தது, 1864-இல் ரயில் வந்தது, விடுதிகள் எழுந்தன. ஆனால் அன்றைய பருவம் குளிர்காலம் மட்டுமே. கோடை வந்தால் விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். வெயிலில் உடம்பைக் காட்டுவது உழவர்களின் தலையெழுத்தாகக் கருதப்பட்ட காலம். 1923 கோடையில் ஜெரால்டு, சாரா மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதியருக்காக ஆந்த்தீப் முனையிலிருந்த ஒரு பெருவிடுதி பூட்டாமல் சில அறைகளைத் திறந்து வைத்தது. 1936-இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமானது. பிறகு கோடையே பருவமாயிற்று. கடலைப் பார்க்க வேண்டும், வெயிலில் கிடக்க வேண்டும் என்ற ஆசை ஆதியிலிருந்தே மனிதனுக்குள் இருப்பதுபோலத் தோன்றுகிறது. கணக்குப் பார்த்தால் இரண்டரை நூற்றாண்டுப் பழக்கம், அதிலும் பாதி நேற்றைய பழக்கம்.

இந்தப் பார்வையின் முதல் வாடிக்கையாளர்கள் நோயாளிகள் என்பதை அதே கரையிலிருக்கும் மாந்தோன் நகரில் மறக்க முடியாது. ஜேம்ஸ் ஹென்றி பென்னட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் சயரோகத்துக்கு அங்கே குணம் கண்டதாக நம்பி, ஊரைப் பற்றி எழுதிப் பரப்பினார். ஐரோப்பாவின் இருமல் முழுவதும் அங்கே வந்து சேர்ந்தது. பழைய கோட்டை இருந்த மேட்டில், ஊரின் தலைக்குமேல், அடுக்கடுக்காக ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ரஷ்யப் பெயர்கள், ஆங்கிலப் பெயர்கள், இருபதிலும் முப்பதிலும் நின்றுபோன வயதுகள். ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி 1898-இல் 25 வயதில் இந்த ஊரில்தான் இறந்தார். ஊரிலேயே மிகச் சிறந்த கடற்காட்சி செத்தவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அங்கே நின்றால் எலுமிச்சைத் தோப்புகள், துறைமுகம், இத்தாலியக் கரையின் வளைவு எல்லாம் ஒரே வீச்சில் தெரியும். மனம் முதலில் சொல்வது ‘ஆகா’தான். பிறகுதான் கூச்சம் வருகிறது. சாகும் பயத்தில் வந்தவர்கள் கட்டியெழுப்பிய பார்வை இது. பயம் கழன்றுபோய்ப் பார்வை மட்டும் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

பயம் கழன்று பார்வை மிஞ்சுவது மலையுச்சி ஊர்களில் இன்னும் அப்பட்டமாக நடந்திருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் பாறை நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏஸ், உள்ளே ஒதுங்கிய பெயோன், மாந்தோனுக்கு மேலே 800 மீட்டரை நெருங்கும் சேந்த் ஆஞெஸ், எல்லாமே ஒரே இலக்கணத்தில் எழுந்தவை. வெளிவட்டத்து வீடுகளின் முதுகே மதில். வெளிப்பக்கம் சன்னல் சிறுத்திருக்கும், வாசல் உள்பக்கம். சந்துகள் ஒருவர் தோள் அகலத்துக்குக் குறுகி, படியாகி, வளைவுக்குள் நுழைந்து மறையும். கோடை நண்பகலிலும் அந்தச் சந்துகளில் சுவரைத் தொட்டால் கல் குளிர்ந்திருக்கும். கடற்கொள்ளைக்காரர்களுக்கு அஞ்சி மேலே ஏறினார்கள் என்பதுதான் வழிகாட்டிகள் சொல்லும் கதை. பொய்யில்லை. 10-ஆம் நூற்றாண்டில் மேற்கே மலைக்காட்டில் சாரசென் கொள்ளையர்கள் தளம் அமைத்துச் சூறையாடினார்கள். 1543-இல் பிரெஞ்சு மன்னனோடு கூட்டுச் சேர்ந்து பார்பரோசாவின் துருக்கிக் கப்பற்படை நீஸையே முற்றுகையிட்டது. ஆனால் வரலாற்று ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். சிதறிக் கிடந்த உழவர்களைக் கோட்டையடியில் கூட்டிக் கட்டிவைத்தவர்களில் நிலப்பிரபுக்களுக்குப் பெரும் பங்குண்டு, வரி வாங்கவும் வேலை வாங்கவும் அதுவே வசதி என்கிறார்கள். அப்படியானால் அந்த மதில் வெளியிலிருந்து வருபவனைத் தடுத்ததா, உள்ளே இருப்பவனைப் பிடித்து வைத்ததா? இரண்டும்தான் போலும். எவ்வாறாயினும், அந்தச் சன்னலில் நின்று கடலைப் பார்த்தவள் பாய்மரம் தெரிகிறதா என்றே பார்த்திருப்பாள். இன்று அதே சன்னலுக்காக விடுதிக்காரர் அறை வாடகையைக் கூட்டி வாங்குகிறார். பதினான்காம் லூயி 1706-இல் இடிக்கவைத்த ஏஸ் கோட்டையின் எச்சத்தில், இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஒரு கள்ளித்தோட்டம் போட்டார்கள். தொலைநாட்டுக் கள்ளிகள் மத்தியதரைக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. கீழே கரையிலிருந்து அந்த ஊருக்கு ஏறும் செங்குத்துப் பாதைக்குத் தத்துவஞானி நீட்சேயின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1880-களில் நீஸில் குளிர்காலங்களைக் கழித்த அவர் அந்த ஏற்றத்தில் தன் ‘ஜரதுஷ்ட்ரா’ நூலின் ஒரு பகுதியை மனத்துக்குள் எழுதினார். அதே பாதையில் முதுகில் ஒலிவ மூட்டையோடு ஏறியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

இவ்வளவு எழுதிவிட்டு நானே என்னை மறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பார்வையாளனைத் திட்டுவது எளிது. அவன் வராமலிருந்தால் இந்த ஊர்களில் பாதி முட்புதருக்குள் போயிருக்கும். ஓவியர் ரெனுவார் 1907-இல் கான்யேயில் ஒரு ஒலிவத் தோப்பை விலைக்கு வாங்கியது, அந்தக் கிழட்டு மரங்கள் வெட்டுப்படப் போகின்றன என்று கேள்விப்பட்டுத்தான். மரங்கள் இன்றும் நிற்கின்றன. உழவன் விற்கத் துணிந்ததைக் காப்பாற்றியது பார்க்கத் தெரிந்த கண்தான். மலையூர்களை விட்டு இறங்கியவர்களையும் யாரும் கழுத்தைப் பிடித்து இறக்கவில்லை. கல்லடுக்கிக் கட்டிய படிவயல்களில் ஒரு முழ அகல மண்ணுக்காகக் கூடையில் எருச் சுமந்தவனின் மகன், நீஸில் விடுதிப் பணியாளாகவோ ரயில்வே கூலியாகவோ மாதச் சம்பளம் வாங்கியபோது அது விடுதலையாகத்தான் இருந்திருக்கும். மகளுக்கு அதைவிடவும் அதிகமாக. சாந்து இல்லாமல் கல்மேல் கல் வைக்கும் அந்தக் கைத்திறனை 2018-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபாக அறிவித்தது. அறிவிப்பு வரும்போது பல மலைச்சரிவுகளில் சுவர்கள் வயிறு பிதுங்கிச் சரிந்துகொண்டிருந்தன. சுவர் கட்டத் தெரிந்தவர்களுக்குச் சுவரைக் கட்டி நிறுத்த ஒரு காரணம் வேண்டுமே. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று படித்திருக்கிறோம். அங்கே திரித்தது வெயில். இங்கே பிரிவு முதலில் வந்தது, நிலம் பிறகு திரிந்தது. நவம்பர் மாதத்தில் அந்த ஊர்கள் சிலவற்றில் மாலை நேரம் நடந்தால், மரச் சன்னல் கதவுகள் வரிசையாக மூடிக்கிடக்கும். விடுமுறைக்கு மட்டும் திறக்கிற வீடுகள். சுவரெல்லாம் புதுப்பூச்சு, தொட்டியில் பூச்செடி, உள்ளே ஆளில்லை. இடிந்த வீட்டைப் பார்க்கும்போது வருகிற துக்கத்தைவிட இது வேறு விதமானது.

இந்தக் கரைக்கும் நமக்கும் உண்மையான ஒரு நூலிழை உண்டு, அது பூவில் இருக்கிறது. கான் நகருக்குப் பின்னால் மலையேறும் கிராஸ் நகரம் முதலில் தோல் பதனிடும் ஊர். தோலின் நாற்றத்தை மறைக்கக் கையுறைகளுக்கு மணமூட்டப் போய், வாசனைத் தொழில் தனித்து வளர்ந்தது. சுற்றிலும் ரோஜாவும் மல்லிகை வகைகளும் பயிராயின. அவர்கள் வளர்த்த மல்லிகை, நம் ஊரில் பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் சொல்கிற அதே இனம். இதழின் அடியில் அதே இளஞ்சிவப்பு. 1921-இல் வந்த ஷனேல் எண் 5 வாசனைத் திரவியத்துக்குள் இருந்தது கிராஸ் மல்லிகை. பிறகு கடற்கரையின் விலை மலையடிவாரத்துக்கும் ஏறியது. பூப்பறிக்கிற கூலிக்கும் மாளிகை கட்டுகிற நில விலைக்கும் இடையே பூ தோற்றது. ஒரு கிலோ சேர்க்கப் பல ஆயிரம் பூக்களை விடியலில் குனிந்து பறிக்க வேண்டும். அந்தக் குனிவு இடம் மாறியது. எகிப்துக்குப் போனது, தமிழ்நாட்டுக்கு வந்தது. சத்தியமங்கலம், கோவை, திண்டுக்கல் பக்கத்து ஆலைகள் பூவைக் கரைப்பானில் ஊறவைத்து எடுக்கும் மெழுகு போன்ற சாறு, வாசனை நிறுவனங்களுக்கு ஏற்றுமதியாகிறது. கிராஸைச் சுற்றிச் சில தோட்டங்கள் பெருநிறுவனங்களின் ஆதரவில் இன்றும் பூக்கின்றன, அவற்றைப் பார்க்கவும் ஆள் வருகிறது. 2018-இல் அந்தக் கலைக்கும் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. நம் பக்கம் டார்ச் வெளிச்சத்தில் கூடை நிரப்புகிற பெண்ணைப் பார்க்க யாரும் வருவதில்லை. வர வேண்டும் என்றும் நான் ஆசைப்படவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கிறேன். பார்வைக்குரிய இடம் ஒன்று உருவானால் அதன் உழைப்பு கண்ணில் படாத இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. முதலில் பக்கத்து மலைக்கு, பிறகு அடுத்த கண்டத்துக்கு.

கண்ணில் படாத அந்த மலைக்குள் போனால், கரை கண்டிராத வேறொரு காலம் நடந்துகொண்டிருக்கிறது. 2,872 மீட்டர் உயரமுள்ள பெகோ மலையைச் சுற்றிய பாறைகளில் 40,000 அளவுக்குச் செதுக்கல்கள் உள்ளன. செம்புக் காலத்திலும் வெண்கலக் காலத்திலும் ஆடுமாடு ஓட்டி மேலே வந்தவர்களின் கைவேலை. பெரும்பாலும் மாட்டுக் கொம்புகள், கூடவே குத்துவாள், ஏர் பூட்டிய மாடுகள், வயல் போன்ற கட்டங்கள். கிளாரன்ஸ் பிக்னெல் என்ற ஆங்கிலேயர், செடிகளைத் தேடி மலையேறியவர், பல கோடைகளில் அவற்றைப் படியெடுத்துச் சேர்த்தார். கடற்கரைக்கு வந்தவர்களில் மலைப்பக்கம் திரும்பிய அபூர்வமான சிலரில் அவர் ஒருவர். இடையில் எல்லைக்கோடுகள் நகர்ந்தபடி இருந்தன. நீஸ் பிரான்ஸுக்குப் போன 1860-இல், மன்னர் விக்டர் இம்மானுவேல் வேட்டையாடும் காடு என்பதால் தாந்த், லா பிரிக் ஊர்கள் இத்தாலிப் பக்கம் விடப்பட்டன. 1947-இல்தான் அவை பிரான்ஸ் ஆயின. ஒரு ராஜாவின் பொழுதுபோக்குக்காக 87 ஆண்டுகள் வேறு நாட்டில் இருந்த ஊர்கள். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும், அதுவரை இத்தாலியப் படையின் பொறுப்பில் சேன் மர்த்தேன் வெசுபியில் தங்கவைக்கப்பட்டிருந்த யூதர்கள் ஆயிரம் பேரளவில், முதியவர்களும் கைக்குழந்தைகளுமாக, 2,400 மீட்டருக்கு மேலான கணவாய்கள் வழியே நடந்து மறுபக்கம் இறங்கினார்கள். அங்கே ஜெர்மானியர்கள் முந்திக்கொண்டிருந்தார்கள். 300 பேருக்கு மேல் பிடிபட்டு, டிரான்ஸி முகாம் வழியாக ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். 2015-க்குப் பின் அதே மலைகளில் எதிர்த்திசை நடை. இத்தாலிப் பக்கத்திலிருந்து ருவாயாப் பள்ளத்தாக்கின் வழியே சூடானியர்களும் எரித்ரியர்களும் இரவில் ஏறி வந்தார்கள். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்ததற்காக வழக்குப் போடப்பட்ட செத்ரிக் எரு என்ற விவசாயியின் முறையீட்டில், 2018 ஜூலையில் பிரெஞ்சு அரசியல் சாசன மன்றம் சகோதரத்துவம் அரசியல் சாசனப் பெறுமதி உள்ள கோட்பாடு என்று தீர்ப்பளித்தது. எல்லையைத் தாண்ட உதவுவது மட்டும் குற்றமாகவே நீடிக்கிறது. கரையில் கண்ணில் படக் கூடாதவர்கள் எல்லாரும் மலையில்தான் நடந்திருக்கிறார்கள்.

2020 அக்டோபர் 2-ஆம் தேதி மலை தானே இறங்கி வந்தது. அலெக்ஸ் என்று பெயரிடப்பட்ட புயலில் வெசுபி, ருவாயாப் பள்ளத்தாக்குகளின் மேல் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டிய மழை கொட்டியது. சேன் மர்த்தேன் வெசுபியின் நடுத்தெருவில் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டிய கல்வாய்க்காலில் மலைநீர் சலசலத்து ஓடும். ஊரின் அழகே அதுதான் என்பார்கள். அந்த ஊரை ஒட்டி ஓடும் ஆறு அன்று வீடுகளை அடியோடு பெயர்த்துக்கொண்டு போனது. பாலங்கள் போயின, சாலைகள் போயின, கல்லறைத் தோட்டங்களும் அரிக்கப்பட்டன. பத்துப் பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் அகப்படவே இல்லை. மறுநாள்களில் கடற்கரைகளில் வேரோடு மரங்கள் ஒதுங்கின. இத்தாலியக் கரையில் ஒதுங்கிய சடலங்களில் சில, அன்று இறந்தவர்களுடையவை அல்ல, மேலே புதைகுழிகளிலிருந்து பெயர்ந்து வந்தவை. இதற்குமேல் எந்த விளக்கமும் எழுதக் கை வரவில்லை. மலையின் துயரத்தைப் பாடமாக்கிக் கடற்கரைக்காரர்களுக்குப் போதிப்பதும் மலையைப் பயன்படுத்திக்கொள்வதுதான். நீர்ச்சூழல் அறிந்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதை மட்டும் வைக்கலாம்: சூடேறிய மத்தியதரைக் கடல் ஈரத்தை ஏற்றி அனுப்புகிறது, செங்குத்து மலை அதைத் தடுத்து நிறுத்திக் கொட்டவைக்கிறது. கடலும் மலையும் இரண்டு வெவ்வேறு சுற்றுலாத் தலங்கள் என்பது நம் ஏற்பாடு. மழைக்கு அது தெரியாது.

நீஸிலிருந்து தாந்த் போகும் ரயில்பாதை 1928-இல் திறந்து, போரில் தகர்ந்து, 1979-இல்தான் மறுபடி முழுதாக ஓடத் தொடங்கியது. மலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி உயரம் ஏறும் சுரங்கங்கள் உண்டு. புயலுக்குப் பின் சாலை அறுந்த மேல் ருவாயா ஊர்களுக்கு ரொட்டியும் மருந்தும் கொண்டுபோனது அந்தப் பாதைதான். பயணம் இரண்டு மணி நேர அளவுக்குத்தான். பெட்டியில் படம் எடுப்பவர்களோடு பள்ளிக்கூடப் பிள்ளைகளும், காய்கறிப் பையோடு கிழவிகளும் இருப்பார்கள். அந்தக் கரைக்குப் போகிற வாய்ப்பு உங்களில் யாருக்காவது அமைந்தால் ஒரு பகலை அந்த ரயிலுக்குக் கொடுங்கள். ஊதாவும் பச்சையும் கலந்த கல்லில் கட்டிய தாந்த்தில் இறங்கி, ஊர்க்காரர் கடையில் சாப்பிட்டு, வாங்க முடிந்ததை அங்கேயே வாங்குங்கள். மலையூர்களுக்கு இப்போது வேண்டியது நம் வியப்பு அல்ல. பள்ளிக்கூடம், மருத்துவர், ஓடுகிற ரயில், ஆண்டு முழுக்க விளக்கெரியும் வீடுகள், இவ்வளவுதான். இவை இல்லாமல் அந்த மலை ஆளற்றுப் போகுமானால், அதன் கல்லின்மேல் உட்கார்ந்து அதன் நீரைக் குடிக்கும் கரைக்குத் தன்னை அழகு என்று சொல்லிக்கொள்ளும் யோக்கியதை கிடையாது.